ரப்பர் தோட்டத்தில் கேட்ட உருது

உருது இலக்கியம் என்று சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டில்லியும் லக்னோவும்தான். மிர்ஸா காலிப், மீர் தகீ மீர், கஜல் பாட்டு, இரவெல்லாம் நடக்கும் கவியரங்கம், வலமிருந்து இடமாகச் சாய்ந்து ஓடும் எழுத்து. ஈப்போவும் தைப்பிங்கும் சுங்கை சிப்புட்டும் அந்தப் படத்தில் இல்லை. விடியற்காலை பெரட்டுக்கு நின்று, வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போன தோட்டத் தமிழனுக்கும் உருதுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும்.

தொடர்பு உண்டு. ஆனால் அது புத்தகத்தின் வழியாக வந்த தொடர்பு அல்ல. பேரா மாநிலத்துக்கு உருது காதுவழியாக வந்தது. முதலில் சிப்பாயின் பேச்சாக வந்தது. பிறகு நாடகக் கொட்டகையில் பாட்டாக வந்தது. கடைசியாக 1943 இல் விடுதலை முழக்கமாக வந்தது. அந்த முழக்கத்தைத் தொண்டை கிழிய எழுப்பியவர்களில் பெரும்பாலோர் அந்த மொழியில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாத தமிழர்கள். மலேசிய இந்தியர் வரலாற்றில் சரியாக எழுதப்படாமல் போன பக்கங்களில் இதுவும் ஒன்று.

சந்தா முதல் பாக்கி வரை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழருக்கு உருதுவின் சொற்கள் அந்நியமானவை அல்ல. பத்திரிகைக்குக் கட்டுகிற 'சந்தா', மளிகைக் கடையில் நிற்கிற 'பாக்கி', அதைக் கேட்டு வருகிற 'வசூல்', நீதிமன்றத்தில் 'ஆஜர்', 'ஜாமீன்', 'வக்கீல்', பதவியை விடும்போது 'ராஜினாமா' எல்லாம் பாரசீக, அரபுச் சொற்கள். நவாபுகளின் ஆட்சியிலும் கம்பெனி ஆட்சியிலும் ஹிந்துஸ்தானி வழியாகத் தமிழுக்குள் வந்து, வந்த சுவடே தெரியாமல் தங்கிவிட்டவை. கப்பலேறிய தமிழன் அவற்றையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் மலாயாவில் இறங்கினான்.

மலாய்மொழியிலும் இப்படித்தான். ரொட்டி, தோபி, தோப்பி ஆகிய சொற்களும், விடுமுறையைக் குறிக்கும் 'சூத்தி'யும் ஹிந்துஸ்தானி தந்தவை. நவீன மலாய் உரைநடையின் தந்தை எனப்படும் அப்துல்லாவுக்கு முன்னால் நிற்கும் 'முன்ஷி' என்ற பட்டமும் அதே வழியில் வந்ததுதான். மலாக்காவில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுத்ததால் அவர்கள் அப்படி அழைத்தார்கள். அப்துல்லாவின் முன்னோர்களில் தமிழர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியும்.

'உருது' என்பதே துருக்கியிலிருந்து வந்த சொல். படைமுகாம் என்று பொருள். பேராவுக்கு அது வந்த வழியும் படைமுகாம்தான்.

தைப்பிங் முகாம்

1873 இல் லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காகச் சீனக் குழுக்கள் மோதிக்கொண்டிருந்தன. லாருட்டின் மந்திரி ஙா இப்ராஹிமுக்குத் துணையாக, பினாங்கில் போலீஸ் அதிகாரியாக இருந்த கேப்டன் ஸ்பீடி இந்தியாவுக்குப் போய் 110 பேரைத் திரட்டி வந்தார். சீக்கியர்கள், பட்டாணியர்கள், பஞ்சாபி முஸ்லிம்கள் அதில் இருந்தனர். அந்தச் சிறு படையே பின்னர் பேரா ஆயுதப் போலீஸாகவும், முதலாம் பேரா சீக்கியர் படையாகவும் வளர்ந்தது. 1896 இல் 'மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்' என்ற பெயரில் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி, 1919 இல் கலைக்கப்பட்டது.

வீட்டில் பஞ்சாபியோ பஷ்டூவோ பேசிய இவர்களுக்குள் பொதுமொழி ஹிந்துஸ்தானி. பிரிட்டிஷ் ஆட்சியில் பஞ்சாபின் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் உருதுவே நடைமுறையில் இருந்ததால், படித்த சீக்கியர் கடிதம் எழுதுவதும் பெரும்பாலும் உருதுவில்தான். உருது முஸ்லிம்களின் மொழி என்று இன்று பலரும் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரேம்சந்த் முதலில் உருதுவில்தான் எழுதினார். கிருஷன் சந்தர், ராஜிந்தர் சிங் பேதி, பிராக் கோரக்பூரி எல்லாம் உருதுவின் பெரிய பெயர்கள். இவர்களில் எவரும் முஸ்லிம் அல்லர். மறுபக்கம், பினாங்கிலும் ஈப்போவிலும் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்களின் மொழி தமிழ். அவர்கள் தங்கள் மார்க்க நூல்களை அரபு எழுத்தில் எழுதியபோதுகூட உள்ளே இருந்தது தமிழ்தான்.

உருதுவின் இளமைக் காலமே தெற்கில் கழிந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். டில்லியில் கவிஞர்கள் பாரசீகத்தை விட்டு இறங்காத காலத்தில், கோல்கொண்டாவில் சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா தக்கண உருதுவில் மழையையும் மாம்பழத்தையும் பெண்களையும் பாடிக்கொண்டிருந்தார்.

இந்திர சபை கடல் கடந்தது

இரண்டாவதாக வந்தது நாடகம். லக்னோவில் நவாப் வாஜித் அலி ஷா ஆண்ட காலத்தில், 1853 வாக்கில், ஆகா ஹசன் அமானத் என்ற கவிஞர் 'இந்திர சபா' என்ற இசை நாடகத்தை உருதுவில் எழுதினார். இந்திரன் சபையில் ஆடும் ஒரு தேவதை மண்ணுலக இளவரசன் மீது காதல் கொள்ளும் கதை. எழுதியவர் முஸ்லிம், மேடையில் வீற்றிருப்பவன் இந்திரன், பாட்டில் கஜலும் உண்டு, ஹோலிப் பாட்டும் உண்டு. பம்பாயின் பார்சி நாடகக் கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றன.

1870களில் அந்தக் கம்பெனிகள் பினாங்குக்கு வந்தன. மொழி புரியாவிட்டாலும் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கொட்டகையை நிறைத்தார்கள். ஆட்டமும் பாட்டும் ஜிகினா உடையும் திரைச்சீலையும் போதுமானதாக இருந்தன. 'வாயாங் பார்சி' என்று அதற்குப் பெயர். 1885 இல் மாமாக் பூஷி என்பவர் மலாய்மொழியில் அதேபோல ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் 'பங்சாவான்' நாடகத்தின் தொடக்கம். இந்திர சபை மலாயில் 'இந்திர சபோர்' ஆயிற்று. லைலா மஜ்னூன், ஷிரீன் பர்ஹாத் கதைகள் பின்தொடர்ந்தன. ஈயப் பணம் புரண்ட தைப்பிங்கும் ஈப்போவும் நாடகக் கம்பெனிகளுக்கு நல்ல ஊர்கள். 1933 இல் சிங்கப்பூரில் முதல் மலாய்ப் பேசும் படம் எடுக்கப்பட்டபோது அதன் கதையும் லைலா மஜ்னூன்தான். இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர். நடித்தவர்கள் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்கள்.

தமிழ் மேடைக்கும் இதே சரக்கு வந்து சேர்ந்தது. 1955 இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'குலேபகாவலி'யை ரசித்த பலருக்கு அது உருது உரைநடையின் தொடக்ககால நூல்களில் ஒன்றின் கதை என்பது தெரிந்திருக்காது. 1803 வாக்கில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக அதை உருதுவில் எழுதியவர் நிஹால் சந்த் லாகோரி. பின்னர் அதைப் பாட்டாக்கிப் புகழ்பெற்றவர் தயாசங்கர் நஸீம் என்ற காஷ்மீரப் பண்டிதர்.

ஆனால் மேடையில் கேட்ட உருதுவைத் தோட்டத் தமிழர் ரசித்தார்களே தவிர, தங்கள் வாயால் சொல்லவில்லை. அதற்கு ஒரு போர் வேண்டியிருந்தது.

'சலோ டில்லி'

1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து இறங்கி வந்தார்கள். ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி உடைந்தது. சரணடைந்த இந்தியப் படை அதிகாரி மோகன் சிங்கும் ஜப்பானிய மேஜர் புஜிவாராவும் இந்திய தேசிய ராணுவத்துக்கான பேச்சுகளை முன்னெடுத்த ஊர்களில் தைப்பிங்கும் ஈப்போவும் உண்டு. அந்த முதல் முயற்சி ஓராண்டில் சிதறிவிட்டது. 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கிய பிறகுதான் அது மக்கள் இயக்கமாயிற்று.

போஸின் படையில் பாதிக்கு மேல் போர்க் கைதிகளான சிப்பாய்கள் என்றாலும், புதிதாகச் சேர்ந்த பொதுமக்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர்கள். அதிலும் தோட்டத் தொழிலாளர்கள். அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. ரப்பருக்கு விலை இல்லை. சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த நிலையில் படையில் சேர்ந்தால் ரயில்பாதையிலிருந்து தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பசியும் பயமும் தேசபக்தியும் ஒன்றாகக் கலந்திருந்த காலம் அது.

இவர்கள் நுழைந்த படையின் மொழி ஹிந்துஸ்தானி. அணிவகுப்புக் கட்டளை, வகுப்பு, பாட்டு எல்லாம் அதில்தான். எழுதும்போது ரோமன் எழுத்தில் எழுதினார்கள். தேவநாகரியா, அரபு எழுத்தா என்று வடக்கே நடந்த சண்டை படைக்குள் வரக்கூடாது என்பது போஸின் எண்ணம். 1938 இல் ஹரிபுரா காங்கிரஸ் தலைமையுரையிலேயே பொதுமொழிக்கு ரோமன் எழுத்து என்று சொன்னவர் அவர். பிரிட்டிஷ் இந்திய ராணுவமும் ரோமன் உருதுவைப் பயன்படுத்தி வந்ததால் பழைய சிப்பாய்களுக்கு அது பழகிய வழியாக இருந்தது. இந்திய சுதந்திரச் சங்கத்தின் கிளைகள் ஊர்களில் ஹிந்துஸ்தானி வகுப்புகள் நடத்தின. பொதுக்கூட்டங்களில் போஸின் பேச்சு தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. முழக்கங்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரின் கேத்தே அரங்கில் அறிவிக்கப்பட்ட தற்காலிக அரசின் பெயரே 'ஆர்ஸி ஹுகூமத்-ஏ-ஆசாத் ஹிந்த்'. சுத்தமான உருது. படையின் குறிக்கோள் வாசகம் 'இத்திபாக், இத்மாத், குர்பானி'. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள். வீரப் பதக்கங்களின் பெயர்கள் இன்னும் சுவையானவை. 'ஷேர்-ஏ-ஹிந்த்', 'சர்தார்-ஏ-ஜங்' என்பவற்றோடு 'ஷஹீத்-ஏ-பாரத்' என்றும் 'தம்கா-ஏ-சத்ருநாஷ்' என்றும் பதக்கங்கள் இருந்தன. முன்னதில் அரபு 'ஷஹீத்' சமஸ்கிருத 'பாரத'த்தோடு சேர்ந்தது. பின்னதில் 'சத்ரு நாசம்' பாரசீக இலக்கணத்துக்குள் போய் உட்கார்ந்தது. இலக்கணப் பண்டிதர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் அந்தக் கலப்பில்தான் படையின் கொள்கை இருந்தது.

தேசிய கீதமும் அப்படியே உருவானது. தாகூரின் வங்கப் பாடலில் சமஸ்கிருதச் சொற்கள் மிகுதி, சாதாரணச் சிப்பாய்க்குப் புரியாது என்று போஸ் கருதினார். ஆபித் ஹசன் அதன் வழியில் எளிய ஹிந்துஸ்தானியில் 'சுப் சுக் செயின்' பாடலை மும்தாஜ் ஹுசேனோடு சேர்ந்து எழுதினார். ராம் சிங் தாகூரி இசையமைத்தார். இந்த ஆபித் ஹசன் ஹைதராபாத்காரர். ஜெர்மனியிலிருந்து போஸோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்த ஒரே இந்தியத் துணைவர். 'ஜெய்ஹிந்த்' என்ற வணக்கச் சொல்லைத் தந்தவரும் அவரே என்று சொல்லப்படுகிறது.

தைப்பிங்கில் ஷா நவாஸ் கானின் தலைமையில் முதல் கெரில்லா ரெஜிமெண்ட் பயிற்சி பெற்றது. 'சுபாஷ் பிரிகேட்' என்று பெயர் பெற்ற படை அது. ஈப்போவில் போஸின் பேச்சைக் கேட்டுவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள் ராசம்மா, பொன்னம்மா என்ற இரு சகோதரிகள். 1927 இல் பிறந்த ராசம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. பர்மா வரை போய்த் திரும்பிய அவர் பின்னாளில் ராசம்மா பூபாலன் என்ற பெயரில் ஆசிரியராக, பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்குப் போராடிய சங்கத் தலைவராக நாடறிந்தவர் ஆனார். அவர் ஆங்கிலம் படித்த குடும்பத்துப் பெண். அவரோடு முகாமில் இருந்தவர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்த, பள்ளி வாசலை மிதிக்காத பெண்கள்.

அந்தப் பெண்களுக்கு இந்த மொழி என்ன தந்தது? தோட்டத்தில் துரையும் கிராணியும் தண்டலும் அவர்களை அழைத்த சொல் 'கூலி'. படையில் அவர்களை அழைத்த சொல் 'ராணி'. ஆண்களுக்கு 'ஜவான்'. இழுத்துப் பேசாத, ஏசிப் பேசாத ஓர் அழைப்பு. கட்டளை புரியாத மொழியில் இருந்தாலும், அந்தக் கட்டளை ஆங்கில அதிகாரிக்கும் கூலிக்கும் இடையிலானது அல்ல என்பது மட்டும் அவர்களுக்குப் புரிந்தது. சமையற்கட்டில் சாதி, மதப் பிரிவினை இல்லை. எல்லோருக்கும் ஒரே சட்டியில் சோறு.

மலாயாவிலிருந்து ரங்கூனுக்குப் போன படைவீரர்களுக்கு அங்கே ஒரு கவிஞரின் கல்லறை காத்திருந்தது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர், 1858 இல் நாடு கடத்தப்பட்டு 1862 இல் அங்கே இறந்தவர். காலிப்பும் ஜௌக்கும் வாழ்ந்த காலத்து உருதுக் கவிஞர். 1943 செப்டம்பரில் போஸ் அந்தக் கல்லறையில் படை அணிவகுப்போடு மரியாதை செலுத்தினார். 1944 ஜூலை 11 அன்று அங்கே ஆற்றிய உரையை ஜாபருடையதாகச் சொல்லப்படும் ஓர் ஈரடியோடு முடித்தார். உருது இலக்கியம் நேரடியாக இந்தப் போருக்குள் நுழைந்த இடம் அதுதான்.

திணித்ததும் எடுத்ததும்

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. 1938 இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் ஹிந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கியபோது தமிழ்நாடு கொதித்தது. நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் சிறைவாசத்தின்போது உயிரிழந்தார்கள். அந்த உணர்வு மலாயாவுக்குத் தெரியாதது அல்ல. 1929 டிசம்பரில் பெரியார் ஈப்போவுக்கு வந்து தமிழர் மாநாட்டில் பேசிப் போயிருந்தார். சுயமரியாதைச் சங்கங்கள் தோட்டங்களுக்குள்ளும் வேர்விட்டிருந்தன. அதே ஈப்போவில், பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே தமிழர்கள் ஹிந்துஸ்தானியில் முழங்கினார்கள் என்றால் அது முரண்பாடா?

முரண்பாடு இல்லை. அங்கே அது தமிழின் இடத்துக்குப் பரீட்சையோடு வந்தது. இங்கே தமிழை யாரும் விடச் சொல்லவில்லை. கூட்டம் தமிழில் நடந்தது, பத்திரிகை தமிழில் வந்தது, ஹிந்துஸ்தானி பக்கத்தில் நின்றது. தமிழ் நாக்குக்கு அது வளைந்தும் கொடுத்தது. 'இன்கிலாப்' தமிழில் 'இன்குலாப்' ஆயிற்று. 1921 இல் உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மொஹானி உருவாக்கி, பகத்சிங் நாடெங்கும் பரப்பிய முழக்கம் அது. கீழக்கரையில் பிறந்த தமிழ்க் கவிஞர் ஒருவர் 'இன்குலாப்' என்பதையே புனைபெயராக வைத்துக்கொண்டு 2016 இல் மறையும்வரை தமிழில் எழுதினார். தமிழ் வாசகர் எவரும் அதை அயற்பெயராக நினைக்கவில்லை.

மிச்சம்

1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர் கடற்கரையில் போஸ் ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இத்திபாக், இத்மாத், குர்பானி என்ற மூன்று சொற்களும் ரோமன் எழுத்தில் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995 இல் சிங்கப்பூர் அரசு அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தது.

தோட்டத்துக்குத் திரும்பிய வீரர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, பதக்கமும் இல்லை. மீண்டும் பால்வாளிதான். ஆனால் முன்போல் தலைகுனிந்து நிற்க அவர்களால் முடியவில்லை. 1946, 1947 ஆண்டுகளின் தோட்டத் தொழிற்சங்க எழுச்சியில் ஐ.என்.ஏ. பழக்கிய ஒழுங்கு தெரிந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அந்தப் படையிலிருந்து வந்தவர். 1949 மே 4 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். 1946 இல் ம.இ.கா.வின் முதல் தலைவரான ஜான் திவியும் போஸின் இயக்கத்தில் இருந்தவர்.

எழுத்தில் மிஞ்சியது குறைவு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலும், மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்' நாவலும் அந்தக் காலத்தைத் தமிழில் பிடித்து வைத்திருக்கின்றன. படித்த பெண்களின் நினைவுகள் ஆங்கிலத்தில் பதிவாயின. தோட்டப் பெண்களின் நினைவுகள் பெரும்பாலும் லயத்தோடு போயின. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்ததும், சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து தெலுக் இந்தான் வரை குடும்பங்களைப் பட்டணத்துப் புறநகர்களுக்குச் சிதறடித்தன. ஒரு லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடிய பாட்டு, பத்து அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனால் எப்படி நிலைக்கும்?

1943 இல் பதினாறு வயதில் படையில் சேர்ந்தவர் இன்று இருந்தால் நூறை நெருங்கியிருப்பார். ஆனால் சிறுவர்களுக்கென்று 'பால சேனை' ஒன்று இருந்தது. அதில் ஏழெட்டு வயதில் கொடி பிடித்து நடந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதுதான் ஆகிறது. ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படிப்பட்ட பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீடுகளில், பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுத்து ஒலிப்பதிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். பாட்டின் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அது முதல் முறை பாடப்பட்டபோதும் தெரிந்திருக்கவில்லை.